கட்டுப் பிரித்த பிறகு

(வடலூரில் நடந்த மாலைக் கூட்டம் ஒன்றில் இயன்முறை மருத்துவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்றுக்கொள்ளும் திட்டம் ஒன்று நம் மாநிலத்தில் இருக்கிறது. ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ என்ற பெயரில் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் அதைத் தொடங்கினார்கள். பண்ருட்டியிலிருந்து வடலூர், சேத்தியாத்தோப்பு வழியாகக் கும்பகோணம் போகிற சாலையில் அன்றாடம் வண்டி ஓட்டுகிற உங்களுக்கு அதன் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த 48 மணி நேரத்தில்தான் உயிர் நிற்கிறது. நான் பேச வந்திருப்பது அதற்குப் பிறகு வருகிற நாட்களைப் பற்றி. உயிர் பிழைத்தாயிற்று. ஆபரேஷன் ஆயிற்று, மாவுக்கட்டு போட்டாயிற்று, ஆறு வாரம் கழித்துக் கட்டையும் பிரித்தாயிற்று. அப்புறம்? அந்த இடத்தில்தான் ஆஸ்பத்திரி, குடும்பம், வேலை கொடுத்தவர் எல்லோருமே கையை விட்டுவிடுகிறோம்.

நம் வீடுகளில் இரண்டு வழக்கம் உண்டு. அடிபட்டவரைக் கட்டிலோடு முடக்கிப் போடுவது ஒன்று. ‘அசையாதே, அசைந்தால் எலும்பு விலகிவிடும்’ என்று தண்ணீர்ச் செம்பைக்கூடக் கையில் கொண்டுவந்து கொடுப்பார்கள். கட்டுப் பிரித்த மறுநாளே ‘வலிதான் இல்லையே, டூட்டிக்குப் போக வேண்டியதுதானே’ என்று கிளப்பி விடுவது மற்றது. கொடுமை என்னவென்றால், ஒரே ஆளுக்கு இரண்டும் அடுத்தடுத்து நடக்கிறது. ஆறு வாரம் அசையவிடாமல் வைத்திருந்தவரை ஏழாவது வாரம் மூட்டை தூக்க அனுப்புகிறோம்.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு காலம் இருக்கிறது. பளுவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, உடம்பைப் பழைய வேலைக்குத் தயார்படுத்துகிற காலம். அதுவும் சிகிச்சைதான். மாத்திரைக்கு எப்படி அளவும் வேளையும் எழுதுகிறார்களோ, அப்படியே அந்தப் பயிற்சிக்கும் எழுதித் தர வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதற்கான காரணங்கள்.

கணுக்கால் முறிவுக்குப் போட்ட மாவுக்கட்டை அறுத்து எடுப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். வட்டத் தகடு அதிர்ந்துகொண்டே இரண்டு பக்கமும் கீறிக்கொண்டு போகும். ஓட்டைப் பிளந்து பஞ்சை விலக்கினால் தோல் சாம்பல் பூத்துச் செதில் செதிலாக உரியும். ஆடுசதை வற்றிப் போயிருக்கும். மயிர் மட்டும் முன்னைவிட அடர்ந்து தெரியும். ‘பாதத்தை உங்கள் பக்கமாக இழுங்கள்’ என்றால் கட்டைவிரல் மட்டும் ஆடும், பாதம் வராது. தன் காலையே அடுத்தவர் காலைப் பார்ப்பது மாதிரி ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார். எக்ஸ்ரேயில் எலும்பு கூடிவிட்டது. டாக்டர் ‘நல்லா இருக்கு’ என்கிறார். அவர் எலும்பைச் சொல்கிறார், இவர் காலைச் சொல்வதாக நினைத்துக்கொள்கிறார். பாதித் தொல்லை இங்கேதான் ஆரம்பமாகிறது.

அந்தச் சதை எப்போது கரைந்தது? கடைசி வாரத்தில் என்று பலரும் எண்ணுகிறார்கள். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில், எந்தக் காயமும் இல்லாத இளைஞர்களின் ஒரு காலுக்கு வேண்டுமென்றே மாவுக்கட்டுப் போட்டு அளந்து பார்த்தார்கள். முடிவு 2014-இல் வெளிவந்தது. வெறும் 5 நாளில் தொடைச் சதையின் பருமன் 3.5 சதவீதம் குறைந்திருந்தது. வலு 9 சதவீதம் போயிருந்தது. 14 நாளில் பருமனில் 8.4 சதவீதம், வலுவில் ஏறத்தாழ 23 சதவீதம். கவனியுங்கள், சதை குறைவதைவிட வலு வேகமாகக் குறைகிறது. மூளையிலிருந்து தசைக்கு உத்தரவு போகிற பாதையும் சேர்ந்து தூங்கிவிடுகிறது என்பதே காரணம். ‘காலை ஊன்றினேன், கால் இருப்பதே தெரியவில்லை’ என்று நோயாளிகள் சொல்வதை மனப்பிரமை என்று யாரும் ஒதுக்கக் கூடாது.

இதயத்துக்கும் இதே கதிதான். 1966-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் இருபது வயதுள்ள ஐந்து ஆரோக்கியமான இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் கால் பங்குக்கு மேல் வீழ்ந்துவிட்டது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐந்து பேரைத் தேடிப் பிடித்து மறுபடி அளந்தார்கள். மூன்று வாரப் படுக்கை செய்த கேட்டின் அளவுக்கு முப்பது ஆண்டு முதுமை கேடு செய்யவில்லை. ஆனால் அந்த ஆய்வில் நான் பெரிதும் விரும்புகிற பகுதி வேறு. படுக்கையிலிருந்து எழுந்த அந்த இளைஞர்கள் சுமார் இரண்டு மாதப் பயிற்சியில் இழந்ததை எல்லாம் மீட்டார்கள். சிலர் பழைய நிலையையும் தாண்டினார்கள். உடம்பு மறந்ததை மறுபடி கற்றுக்கொள்ளும். கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

காயம் ஆறுவது எப்படி என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் சில நாட்கள் வீக்கம், சூடு, சிவப்பு. பலரும் இதை எதிரியாகப் பார்க்கிறார்கள். உண்மையில் சிதைந்ததை அள்ளிப் போட உடம்பு ஆள் அனுப்புகிற கட்டம் அது. அடுத்த சில வாரங்களில் புது இழைகள் உருவாகி இடைவெளியை நிரப்புகின்றன. வலி பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே அடங்கிவிடும். அப்போது உருவான இழை குவித்துப் போட்ட வைக்கோல். முறுக்கித் திரித்த பிரியாக அது மாற இன்னும் பல மாதங்கள் ஆகும். திசையறிந்து முறுக்கேற்றுவது பளுதான். இழுவிசை எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கமாகவே இழைகள் தம்மை அடுக்கிக்கொள்கின்றன. எலும்பும் தன்மேல் விழுகிற பளுவுக்கு ஏற்பவே உருக்கொள்ளும் என்று ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-லேயே எழுதிவைத்தார். பளுவே படாத எலும்பு மெலியும், இழை குழம்பும். பளு அளவு மீறினால் அறுந்துவிடும்.

ஐஸ் வை, ஓய்வெடு என்ற அறிவுரை உலகம் முழுக்கப் பரவியதற்கு, கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர் 1978-இல் எழுதிய விளையாட்டு மருத்துவ நூல் முக்கியக் காரணம். 2014-இல் அதே மருத்துவர், முழு ஓய்வும் ஐஸும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று வெளிப்படையாக எழுதினார். முதல் நாள் வலிக்கு ஐஸ் வைப்பதில் தப்பில்லை. மூன்றாவது வாரமும் ஐஸ் கட்டியும் கட்டிலுமாக இருப்பதுதான் தப்பு.

பளு மருந்தாகும் என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று சுவீடனில் இருக்கிறது. ஹோகன் ஆல்ஃபிரெட்சன் என்று ஓர் எலும்பு மருத்துவர். குதிகாலுக்கு மேலே இருக்கிற பெரிய தசைநாரில் அவருக்கு நாள்பட்ட வலி. அறுவை செய்துவிடுங்கள் என்று தன் மேலதிகாரியிடம் கேட்டார். அறுக்கிற அளவுக்குக் கெடவில்லை என்று அவர் மறுத்துவிட்டார். அப்படியானால் அறுந்தே போகட்டும் என்று ஆல்ஃபிரெட்சன் தன் தசைநார்மேல் கடும் பளுவை ஏற்ற ஆரம்பித்தார். அறுவதற்குப் பதில் வலி தீர்ந்தது. அதையே முறைப்படுத்தி, ஓட்டப் பழக்கம் உள்ள 15 நோயாளிகளிடம் 12 வாரம் செய்து பார்த்து 1998-இல் வெளியிட்டார். பதினைந்து பேருமே மீண்டும் ஓடினார்கள்.

பயிற்சி இதுதான். படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி நிற்க வேண்டும். நல்ல காலின் துணையோடு எம்பிவிட்டு, அடிபட்ட காலின் குதியை மட்டும் மெதுவாகப் படிக்குக் கீழே இறக்க வேண்டும். முழங்காலை நீட்டி 15 முறையாக மூன்று சுற்று, சற்று மடக்கி மறுபடி மூன்று சுற்று, காலை மாலை இரு வேளை. கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 180 முறை. கருவி வேண்டாம், பணம் வேண்டாம். ஒரு படி போதும். ஆனால் இது நாள்பட்ட தசைநார் வலிக்கான பயிற்சி. நேற்று அறுந்த தசைநாருக்கோ, கூடாத எலும்புக்கோ யாரும் இதை வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. எதற்கு எது என்று தெரிந்தவரிடம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.

‘வலித்தால் நிறுத்திவிட வேண்டுமா?’ என்ற கேள்வி எல்லாக் கூட்டத்திலும் வரும். இதற்கும் சுவீடன் ஆய்வாளர்கள் 1990-களில் ஓர் அளவுகோல் வகுத்தார்கள். வலியே இல்லை என்றால் பூஜ்ஜியம், பொறுக்கவே முடியாத வலி பத்து. பயிற்சி செய்யும்போது ஐந்து வரை போகலாம், ஆனால் மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிட வேண்டும் என்றார்கள். மேற்பார்வை இல்லாமல் வீட்டில் செய்கிறவர்களுக்கு நான் மூன்றோடு நிறுத்தச் சொல்வேன். மறுநாள் காலை என்பதுதான் இதில் உயிரான பகுதி. பயிற்சியின்போது வந்த வலியைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள், மறுநாள் காலை கட்டிலிலிருந்து எழுந்து வைக்கிற முதல் அடியைக் கவனிப்பதில்லை. அந்த முதல் அடி நேற்றைப் போலவே இருந்தால் நேற்றைய அளவு சரி. கூடுதலாக வலித்தால் அளவைக் குறையுங்கள், முழுதாக விட்டுவிடாதீர்கள்.

வேறு சில அறிகுறிகளுக்கு இந்தக் கணக்கே கிடையாது. ஆடுசதை ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தம் கட்டியிருக்கலாம். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, தையல் போட்ட இடத்தில் சீழ், காய்ச்சல், விரல்கள் நீலம் பாய்வது, மரத்துப் போவது – இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாட்டு வைத்தியக் கட்டுப் போட்டுக்கொண்டவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். ஆந்திராவின் புத்தூர் பெயரில் ஊருக்கு ஊர் பலகை இருக்கிறது. போகிறவர்கள் நம்பித்தான் போகிறார்கள். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டி, ரத்த ஓட்டம் நின்று, விரல் கறுத்த பிறகு வந்தால் எந்த மருத்துவராலும் அந்த விரலைத் திருப்பித் தர முடியாது.

இனி நம் ஊர் வீரர்களிடம் வருகிறேன். வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றவர். ஸ்நாட்ச்சில் 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179, மொத்தம் 328 கிலோ. அதன்பின் தேசியப் போட்டியில் 194 கிலோவைத் தூக்க முயன்றபோது தொடைத் தசையில் காயம். 2018 ஏப்ரலில் கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டிக்குப் போனபோதும் அது முழுதாக ஆறவில்லை என்று அவரே பின்னர் சொன்னார். அங்கே அவர் தூக்கியது 144, 173, மொத்தம் 317. பழைய கணக்கைவிட 11 கிலோ குறைவு. அதற்கும் தங்கம் கிடைத்தது. இங்கிலாந்து வீரர் ஜாக் ஆலிவர் 312-இல் நின்றுவிட்டார் என்று தெரிந்ததும், சதீஷ் தன் கடைசி முயற்சிக்கு மேடையேறவே இல்லை.

அந்தக் கடைசி முயற்சியை அவர் விட்டுக்கொடுத்ததுதான் என் மனத்தில் நிற்கிறது. தங்கம் உறுதியாகிவிட்டது. கூட்டம் இருக்கிறது, கேமரா இருக்கிறது, இன்னும் ஒரு முறை தூக்கிக் காட்டலாம். தொடையில் காயத்தோடு இருக்கிற ஒருவர் அந்த நேரத்தில் வேண்டாம் என்று ஒதுங்குவதற்கு ஒரு முதிர்ச்சி வேண்டும். ‘முன்னாடி நான் 80 கிலோ மூட்டையை ஒத்தையாத் தூக்குவேன்’ என்று சொல்லிக்கொண்டு, கட்டுப் பிரித்த மாதத்திலேயே அதை நிரூபிக்கப் பார்க்கிற நம் ஆட்களுக்கு நான் அடிக்கடி சதீஷைத்தான் சொல்வேன். முழுதாக ஆறாத காயத்தோடு போட்டிக்குப் போனது அவருடைய தொழில், நாட்டுக்காக எடுத்த முடிவு, பக்கத்தில் பயிற்சியாளர்கள் இருந்தார்கள். அந்தத் துணிச்சலை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. 11 கிலோ குறைத்துத் தூக்கியதைப் பின்பற்றலாம்.

ஈட்டி எறியும் நீரஜ் சோப்ராவின் கதை இன்னும் தெளிவானது. 2019 மே மாதம் மும்பையில் அவருக்கு முழங்கையில் அறுவை. அந்த ஆண்டு தோஹாவில் நடந்த உலகத் தடகளப் போட்டி கைவிட்டுப் போயிற்று. அக்டோபரில் ராஞ்சியில் நடந்த தேசிய ஓபன் போட்டியில் இறங்கப் பெயர் கொடுத்திருந்தார். அவசரம் வேண்டாம் என்று தடகளச் சம்மேளனம் சொல்ல, கடைசி நேரத்தில் விலகினார். இருபத்தோரு வயது, உடம்பு துடிக்கிற வயது. அந்த நேரத்தில் ‘பொறு’ என்று சொல்ல ஆள் இருந்தது, கேட்கிற மனமும் அவருக்கு இருந்தது. 2020 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் எறிந்த ஈட்டி 87.86 மீட்டர் போய் டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றுத் தந்தது. அடுத்த ஆண்டு அங்கே தங்கம்.

பொறுத்தால் எவ்வளவு லாபம் என்பதற்கு எண்ணே இருக்கிறது. முழங்காலுக்குள் இருக்கிற குறுக்கு ஜவ்வு கிழிந்து அறுவை செய்துகொண்டவர்களை நார்வேயில் இரண்டு ஆண்டு பின்தொடர்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். ஒன்பது மாதம் வரை, விளையாட்டுக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நாட்காட்டி மட்டும் போதாது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. அடிபட்ட காலின் வலு நல்ல காலின் வலுவில் 90 சதவீதத்தை எட்டுகிறதா, ஒற்றைக் காலில் தாவும் தூரம் எட்டுகிறதா என்று சோதித்துத் தேறியவர்களில் 5.6 சதவீதம் பேருக்கே மறுபடி காயம். தேறாமலே திரும்பியவர்களில் 38.2 சதவீதம் பேருக்கு. ஞாயிற்றுக்கிழமை கபடிக்கும் வாலிபாலுக்கும் இறங்குகிற இளைஞர்களே, ஜவ்வு ஆபரேஷன் முடிந்து நான்காம் மாதம் ‘நல்லா நடக்கிறேனே’ என்று மைதானத்துக்குப் போகாதீர்கள். நேராக நடப்பது வேறு, ஓடிவந்து காலை ஊன்றிச் சட்டென்று திரும்புவது வேறு.

இவர்கள் எல்லாம் பிறவி வீரர்கள், நாம் சாதாரண ஆட்கள் என்று நினைப்பவர்களுக்கு மா. சுப்பிரமணியனைச் சொல்வேன். கட்சி வேறு, அரசியல் வேறு. நான் பார்ப்பது அந்த முழங்காலை மட்டும். 2004-இல் சாலை விபத்தில் அவருடைய மூட்டு பெரிதாக அடிபட்டது. கூடவே சர்க்கரை நோய். பிறகு சென்னை மேயரானார். ஐம்பது வயதைக் கடந்த பிறகுதான் ஓடத் தொடங்கினார். 21 கிலோமீட்டர் அரை மாரத்தான்களை நூறுக்கு மேல் ஓடி முடித்துவிட்டார். 2021-இல் மாநிலத்தின் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கே அமைச்சரானார். விபத்துக்கும் ஓட்டத்துக்கும் நடுவே கிட்டத்தட்டப் பத்து ஆண்டுகள் இருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். பத்திரிகையில் பதக்கத்தோடு இருக்கிற படம் வருகிறது, அந்தப் பத்து ஆண்டுகள் வருவதில்லை.

நமக்கு மாரத்தான் வேண்டாம். நம் தேவை என்ன? தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழ வேண்டும். டவுன் பஸ்ஸின் உயரமான படியில் ஏற வேண்டும். முந்திரித் தோப்பில் குனிந்து கொட்டை பொறுக்க வேண்டும். சுரங்கத்தில் வேலை செய்கிறவர் ஏணி ஏற வேண்டும், கன்வேயர் பக்கத்தில் கரடுமுரடான தரையில் எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். வெளிநாட்டுப் பயிற்சிப் புத்தகங்கள் ஓட்டத்தையும் தாவலையும் இலக்காக வைக்கின்றன. உங்கள் இலக்கு எது என்று நீங்கள்தான் உங்கள் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ‘நான் பஸ்ஸில் ஏறணும்’ என்று சொன்னால், வீட்டு வாசற்படியில் தொடங்கி, செங்கல் வைத்து உயரம் கூட்டி, கையில் பையோடு ஏறுவது வரை பழக்கலாம். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில்.

நடைக்கு இந்த ஊர் வாய்த்த ஊர். பார்வதிபுரத்து மக்கள் வள்ளலாருக்குக் கொடுத்த நிலம், ஞானசபையைச் சுற்றிய பெருவெளி, மேடு பள்ளம் இல்லாத சமதளம். கைத்தடியோடு முதல் நடை நடக்கிறவருக்கு அதைவிட நல்ல இடம் ஏது? நெய்வேலிக்காரர்களுக்கு நகரியத்தின் ஒவ்வொரு வட்டத்திலும் மரநிழலில் சாலை இருக்கிறது. சித்திரை வைகாசியில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை வருவதாக நேர்ந்துகொண்டு, மூன்று மாதத்துக்கு முன் ஒடிந்த காலோடு கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடைசி இரண்டு கிலோமீட்டரை மட்டும் நடந்து வாருங்கள், வள்ளல் பெருமான் கோபிக்க மாட்டார். உயிர்கள் வருந்தக் கூடாது என்று வாழ்ந்தவருக்கு உங்கள் கால் வருந்துவதில் மகிழ்ச்சி இருக்காது.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே சைவ உணவுக்காரர்கள் அதிகம். ஆட்டுக்கால் சூப் குடித்தால்தான் எலும்பு கூடும் என்று உறவினர்கள் வந்து சொல்லிவிட்டுப் போகிறார்கள். வள்ளலாரின் சன்மார்க்க வழியில் இருக்கிறவர்கள் குழம்பிப் போகிறார்கள். எலும்புச் சூப்பில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, பால், தயிரில் அதைவிட எவ்வளவோ இருக்கிறது. தேய்ந்த சதையைக் கட்டப் புரதம் வேண்டும். உளுந்து, பயறு, கொண்டைக்கடலை எல்லாவற்றிலும் நூறு கிராமுக்கு ஏறத்தாழ இருபது கிராம் இருக்கிறது. 1867-இல் வள்ளலார் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிற ஊரில், காயம்பட்டவர் பத்தியம் என்ற பெயரில் அரைவயிற்றோடு கிடப்பது எனக்குத் தாங்கவில்லை. காயம் ஆற உடம்புக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் உணவு தேவை. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு எலும்பு கூடுவது தாமதமாகும். சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்காதவர்களுக்கும் அப்படியே.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் பேச்சு பாதிதான். குளியலறையில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்து, மணிக்கட்டு ஒடிவது ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு மிகச் சாதாரணமாக நடக்கிற முறிவு. கட்டுப் போட்டதும் கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு ஆறு வாரம் அப்படியே இருப்பார்கள். பிரித்துப் பார்த்தால் மணிக்கட்டு கூடியிருக்கும், விரல்கள் மடங்காது, தோள் மேலே தூக்க வராது. ஒடிந்தது மணிக்கட்டு, கெட்டது விரலும் தோளும்! கட்டுக்கு வெளியே இருக்கிற விரல்களை முதல் நாளிலிருந்தே மடக்கி நீட்ட வேண்டும், கையைத் தலைக்கு மேல் தூக்கி இறக்க வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால் இது நேராது.

பிரித்த பிறகு வீட்டில் என்ன சொல்கிறார்கள்? ‘வீட்டு வேலை செய்தாலே பயிற்சிதானே’ என்கிறார்கள். வீட்டு வேலையில் அளவு ஏது? முதல் நாளே துணி பிழிய வேண்டியிருக்கிறது. குடம் தூக்க வேண்டியிருக்கிறது. அரிசி களைந்து பெரிய குக்கரை இறக்க வேண்டியிருக்கிறது. மெல்லிய ரப்பர் பந்தை அமுக்குவதில் தொடங்கி, கைக்குட்டையை முறுக்கி, பிறகு துண்டை முறுக்கி, அரைக் குடம், முக்கால் குடம் என்று போக வேண்டிய கை அது. இடியாப்ப உரலைப் பிழிகிற அன்று அந்தக் கை முழுதாகத் திரும்பி வந்துவிட்டது என்று நான் குறித்துக்கொள்வேன். அதற்கு மூன்று நான்கு மாதம் ஆகும். அதுவரை துணியை யார் பிழிவது என்ற கேள்விக்கு அந்த வீட்டின் ஆண்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பயம் என்று ஒன்று இருக்கிறது. ஜவ்வு அறுவை செய்துகொண்டவர்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் பார்த்தபோது, ஏதாவதொரு விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 81 சதவீதம். பழைய அளவுக்கு ஆடியவர்கள் 65 சதவீதம் மட்டுமே. மூட்டு நன்றாக ஆறியும் திரும்பாதவர்கள் பலர். மறுபடி அடிபட்டுவிடுமோ என்ற அச்சம்தான் அவர்களைத் தடுக்கிறது. வண்டியிலிருந்து விழுந்தவருக்கு மறுபடி வண்டி எடுக்கப் பயம், கிணற்றடியில் வழுக்கியவருக்கு ஈரத் தரையைக் கண்டால் பயம். அவர்களிடம் ‘பயப்படாதே’ என்று சொல்லிப் பயனில்லை. பக்கத்தில் நின்று ஒரு படி ஏறச் சொல்லுங்கள். ஏறிவிட்டால் நாளைக்கு இரண்டு. செய்து முடித்த காரியத்தால்தான் பயம் போகும்.

பயிற்சிக்கு மருத்துவமனைக்குப் போய்வர ஆட்டோ செலவு, துணைக்கு வருகிறவரின் கூலி இழப்பு என்று கணக்குப் பார்க்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் ஒரு பகுதி. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை தருவதுதான் அந்தத் திட்டம் என்று பலர் நினைத்திருக்கிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். படுக்கையில் இருக்கிற தாத்தா பாட்டிக்காகவும் கேளுங்கள்.

வேலை கொடுக்கிறவர்கள் இங்கே இருந்தால் அவர்களுக்கும் ஒரு கோரிக்கை. அடிபட்டுத் திரும்புகிறவருக்கு முதல் மாதம் இலகுவான வேலை கொடுங்கள், அவர் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தாலும் சரி. ஒரு மாதம் பளு குறைத்தால் ஓர் ஆள் இருபது ஆண்டு வேலை செய்வார். முதல் வாரமே முழுப் பளு ஏற்றினால் மறுபடி கட்டுக்குத்தான் போவார்.

நோயாளிகளே, அவர்களுடைய வீட்டாரே, டிஸ்சார்ஜ் ஆகும்போது மாத்திரைச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். எந்தப் பயிற்சி, ஒரு நாளைக்கு எத்தனை முறை, எந்தத் தேதியிலிருந்து காலில் எவ்வளவு பாரம் வைக்கலாம், அடுத்து எப்போது வந்து காட்ட வேண்டும் என்பதையெல்லாம் தமிழில் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்டால் எழுதித் தருவார்கள். கட்டுப் பிரிக்கிற நாளில் அந்தத் தாள் கையில் இல்லாமல் மருத்துவமனை வாசலைத் தாண்டாதீர்கள் என்று உங்கள் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்.